பள்ளியில் வைஃபை, எதிர் மாடியில் டவர்: மகளை வேறு பள்ளிக்கு மாற்றலாமா?

மகள் இரண்டாம் வகுப்பு, வகுப்புக்கு வகுப்பு வைஃபை பெட்டி மாட்டுகிறார்கள், எதிர் மாடியில் செல்போன் டவர் வேறு, கதிர்வீச்சு பிள்ளையை ஏதாவது செய்துவிடுமோ, பள்ளியை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டாம். ஆனால் கேட்டது தப்பே இல்லை. இதைக் கேட்டதற்காக யாராவது உங்களைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்களுக்குக் கடலூர். 2019-இல் என் மகன் மூன்றாம் வகுப்பு. பள்ளியை ஒட்டிய கட்டடத்து மொட்டை மாடியில் டவர் போட்டார்கள். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, "இதனால பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகாதா சார்?" என்று கேட்டேன். தாளாளர், "கையில இருக்கிற போனை முதல்ல தூக்கிப் போடுங்கம்மா, அப்புறம் டவரைப் பத்திப் பேசலாம்" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. எனக்கு ஏன் அந்தப் பயம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

என் அக்கா மகனுக்கு ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. இரண்டரை வருடம் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் பஸ்ஸில் அலைந்தார்கள். பிழைத்துவிட்டான், இப்போது கல்லூரியில் படிக்கிறான். அப்போது அவர்கள் இருந்த வாடகை வீட்டுக்குப் பின்னால் ஒரு டவர். தெருவிலும் சொந்தத்திலும் ஒருவர் பாக்கியில்லாமல், "டவர் பக்கத்துல ஏன் வீடு எடுத்தே?" என்று அக்காவிடம் கேட்டார்கள், ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தவர்கள்கூட. டாக்டர் தெளிவாகச் சொன்னார், பிள்ளைகளுக்கு வரும் இந்த நோய் எதனால் வந்தது என்று பெரும்பாலும் சொல்லவே முடியாது, நீங்கள் செய்த தப்பு எதுவும் இல்லை என்று. அக்கா நம்பவில்லை. ஐநூறு ரூபாய் வாடகை குறைவு என்று அந்த வீட்டைப் பிடித்தது அவள்தான், அதையே சொல்லிச் சொல்லி அழுவாள். தயவுசெய்து யாரும் யாரிடமும் அப்படிக் கேட்காதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் விஞ்ஞானி இல்லை, செல்போன் கம்பெனி ஆளும் இல்லை. தையல் கடை வைத்திருக்கிறேன், அளவெடுக்காமல் எதையும் வெட்டிப் பழக்கமில்லை. தொலைத்தொடர்புத் துறை 2017-இல் தரங் சஞ்சார் என்று ஓர் இணையதளம் தொடங்கியது. எந்த டவர் எங்கே இருக்கிறது என்று அதில் பார்க்கலாம், அப்போது நாலாயிரம் ரூபாய் கட்டினால் நம் இடத்துக்கே வந்து கதிர்வீச்சை அளந்து கொடுப்பார்கள். எட்டு அம்மாக்கள் ஆளுக்கு ஐநூறு போட்டோம். கருவியோடு வந்து மாடியில், விளையாட்டுத் திடலில், என் மகன் உட்காரும் ஜன்னலோரத்தில் எல்லாம் அளந்தார்கள். நம் நாட்டில் 2012 செப்டம்பரில் டவர் கதிர்வீச்சுக்கான வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்திருந்தார்கள், 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சதுர மீட்டருக்கு 0.45 வாட். எங்கள் பள்ளியில் எந்த இடத்திலும் அதில் நூறில் ஒரு பங்குகூட வரவில்லை. டவரின் காலடியை ஒட்டிய வகுப்பில்தான் மிகக் குறைவு. ஆன்டெனா அலையைப் பக்கவாட்டில் தூரமாக வீசுகிறது, காலடியில் கொட்டுவதில்லை, விளக்கடியில் இருட்டு மாதிரி என்று வந்தவர் விளக்கினார்.

வைஃபை பெட்டி இதைவிடச் சின்னது, பொதுவாக 0.1 வாட்டை ஒட்டிய சக்திதான். தூரம் இரண்டு மடங்கானால் மேலே விழும் அளவு நாலில் ஒன்றாகிவிடும். எக்ஸ்ரே மாதிரி அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கிற கதிரும் இல்லை. பிரான்சில் பள்ளி வைஃபைக்குத் தடை என்று புதுச்சேரிச் சொந்தக்காரர்கள் எனக்கும் அனுப்பினார்கள், அங்கே பாதிப் பேருக்கு பிரான்சில் யாராவது இருப்பார்கள் என்பதால் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். 2015-இல் வந்த சட்டம் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் காப்பகங்களில்தான் தடுக்கிறது. தொடக்கப் பள்ளியில் பாடத்துக்குப் பயன்படுத்தாதபோது அணைத்து வைக்க வேண்டும், அவ்வளவே. அது நல்ல பழக்கம், உங்கள் பள்ளியிலும் கேளுங்கள், சுவிட்சைத் தட்டினால் போதும், செலவில்லை.

"உலக சுகாதார நிறுவனமே புற்றுநோய் வரலாம் என்று சொல்லிவிட்டதே" என்று யாராவது வருவார்கள். மறைக்கவில்லை. அதன் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல், டவரும் வைஃபையும் வீசுகிற ரேடியோ அலைகளை 2பி பிரிவில் வைத்தது, அதாவது இருக்கக்கூடும், ஆதாரம் குறைவு. சோற்றுக் கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அடுத்த வருடமே, 2012-இல், அதே முகமை டீசல் புகையை முதல் பிரிவில் வைத்தது, அதாவது உறுதியாகப் புற்றுநோய் தரும். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்த டவருக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர் இருந்தது. கரண்ட் போகும்போதெல்லாம் அது ஓடும், புகை நேராக மூன்றாம் வகுப்பு ஜன்னலுக்குள் வரும். "நாத்தம் அடிக்குதும்மா" என்று என் மகன் எத்தனை தடவை சொல்லியிருக்கிறான்! கண்ணுக்குத் தெரியாத அலைக்குப் பயந்துகொண்டு, மூக்கில் ஏறுகிற புகையை நாங்கள் எட்டுப் பேரும் விட்டுவிட்டோம். அதற்கப்புறம் டவர்காரர்களுக்கு எழுதி, கட்டட உரிமையாளரைப் பார்த்து, திரும்பவும் எழுதி, நாலு மாதம் கழித்துத்தான் புகைக்குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றிவைத்தார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், நீங்கள் கேட்கவில்லைதான். கொரோனாவுக்கு அப்புறம் வீட்டுப்பாடம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது, அதுவும் ராத்திரி ஒன்பது மணிக்கு. கரும்பலகையில் நாலு வரி எழுதிப் போட்டால் பிள்ளை டைரியில் எழுதிக்கொண்டு வராதா? கையில் போனைக் கொடுத்தால் வீட்டுப்பாடம் பத்து நிமிடம், மிச்சம் ஒரு மணி நேரம் வீடியோ. தூக்கமும் கண்ணும் கெடுவதை என் வீட்டிலேயே பார்க்கிறேன். காதோடு ஒட்டிப் பேசும் போனிலிருந்து உடம்புக்குள் போவது, மாடி டவரிலிருந்து வருவதைவிடப் பல மடங்கு அதிகம், சிக்னல் குறைவான இடத்தில் போன் இன்னும் சக்தியைக் கூட்டும். டவரைப் பற்றி நான் கேட்டபோது சிரித்த பள்ளிதான் போனை என் பிள்ளை கையில் கொடுக்கச் சொல்கிறது. இதை எந்தக் கூட்டத்தில் போய்க் கேட்பது?

நீங்கள் புதுச்சேரியாக இருந்தாலும் தொலைத்தொடர்பில் தமிழ்நாடு வட்டத்தில்தான் வருவீர்கள், அதே தளத்தில் பதியலாம். இப்போதைய கட்டணத்தைப் பார்த்துக்கொண்டு நாலு பேராகச் சேருங்கள். அளக்க வரும் நாளில் கூடவே இருந்து மகளின் பெஞ்சை நீங்களே காட்டுங்கள். ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது, புகை எந்தப் பக்கம் போகிறது என்று அன்றைக்கே மாடியேறிப் பார்த்துவிடுங்கள்.