சீனர் பேசும் ஆங்கிலம்: கேள்வி பதில்

சீன மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.

ஐடி ஊழியர், சென்னை: எங்கள் ஷாங்காய் டீமில் ஒருவர் தன் மனைவியைப் பற்றிப் பேசும்போதே 'ஹி' என்கிறார். மெயிலில் ஒரு பிழை வராது. ஏன் டீச்சர்?

சீனாவின் பொதுமொழியான மாண்டரினில், பேச்சில் அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே ஒலிதான்: 'தா'. எழுத்தில்தான் வித்தியாசம். 'அவள்' என்பதற்குத் தனி எழுத்து பரவியதுகூட 1920 வாக்கில், லியு பன்னொங் என்ற கவிஞரின் முயற்சியால். மெயில் எழுதும்போது யோசிக்க நேரம் இருக்கிறது, பேச்சில் வாய் முந்திக்கொள்கிறது. நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள், பாவம். யாரைச் சொல்கிறார் என்று குழப்பம் வந்தால் மட்டும் பெயரைக் கேளுங்கள்.

டியூஷன் ஆசிரியை, மதுரை: 'யெஸ்டர்டே ஐ வாக் டு ஸ்கூல்' என்பது மாறவே இல்லை. இறந்தகால வினைகளை மனப்பாடம் செய்யச் சொல்லவா?

வேண்டாம். முதலில் அதையே எழுதிக் காட்டச் சொல்லுங்கள். 'வாக்ட்' என்று சரியாக எழுதினால் இலக்கணம் தெரியும், சிக்கல் நாக்கில்தான். மாண்டரின் அசைகள் உயிரொலியில் முடியும், இல்லையென்றால் ன், ங், சில இடங்களில் ர். கடைசியில் 'க்ட்' என்று இரண்டு மெய் சேர்ந்து வருவது அவர்களுக்குப் புதிது, அதனால் உதிர்ந்துவிடுகிறது. 'வாக்ட் இன்' என்று அடுத்த சொல்லோடு சேர்த்துச் சொல்லிப் பழக்குங்கள், 'ட்' தானாக ஒட்டிக்கொள்ளும்.

எழுத்திலும் தவறினால் விஷயம் வேறு. சீன வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறாது. 'நேற்று' என்று சொல்லியாயிற்று, அது போதும். வினையோடு சேரும் 'ல' என்ற ஒட்டு, செயல் முடிந்ததைத்தான் காட்டும். 'நாளை சாப்பிட்டுவிட்டுப் போகிறேன்' என்பதிலும் அது வரும். அதை இறந்தகாலக் குறி என்று நினைத்துக்கொண்ட பிள்ளைகள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

கல்லூரி மாணவர், திருச்சி: ஒரே வாக்கியத்தில் 'ஆல்தோ', 'பட்' இரண்டும் எதற்கு?

சீனத்தில் 'சுய்ரான்' வந்தால் பின்னால் 'தான்ஷி' வருவது வழக்கம். 'பிகாஸ்', 'ஸோ' சேர்ந்து வருவதும் இப்படித்தான். ஏதாவது ஒன்றை எடுக்கச் சொன்னால் போதும்.

மாணவி, சிங்கப்பூர்: 'டோன்ட் யு லைக் இட்?' என்றேன். அறைத்தோழி 'யெஸ்' என்றாள். பிடிக்கவில்லையாம்!

நாமும் அப்படித்தானே? 'பிடிக்கலையா?' என்றால் 'ஆமா, பிடிக்கலை' என்கிறோம். கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்கிறாள். அவளிடம் 'டு யு லைக் இட்?' என்றே கேளுங்கள்.

ஏற்றுமதியாளர், திருப்பூர்: போனில் பேசும்போது தொகையில் ஒரு பூஜ்யம் குறைகிறது, இல்லை கூடுகிறது.

அவர்கள் 10,000-ஐ 'வான்' என்று ஓர் அலகாக எண்ணுவார்கள், அடுத்த பெரிய அலகு 10 கோடி. ஒரு லட்சம் என்பது 10 வான், மில்லியன் என்பது 100 வான். மனதுக்குள் மாற்றிச் சொல்லும்போது வழுக்குகிறது. லட்சத்தை மில்லியனாக மாற்றும் நமக்கும் இதே தொல்லைதான். தொகையை வாய்ச்சொல்லில் முடிக்காமல், இலக்கத்தில் எழுதி அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.