பலேர்மோவில் ஜூலை மாதம்: கழகத்தின் வீரர் சந்தையைப் பின்தொடர்வது எப்படி?

தம்பி, பலேர்மோவுக்கு வந்து ஓர் உணவகச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகவும், ஜூலை பிறந்ததிலிருந்து உடன் வேலை செய்யும் இத்தாலியர்கள் ஒரு போட்டியும் நடக்காமல் கழகங்கள் வீரர்களை வாங்கி விற்கும் இந்த நாட்களில் ஓயாமல் உதைபந்தாட்டத்தையே பேசுவதாகவும், காலையில் வந்துவிட்டார் என்று சொல்லப்பட்ட வீரர் மாலையில் வரவே மாட்டார் என்றாகிவிடுவதால் தலையும் வாலும் விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். எங்கிருந்து தொடங்குவது, யாரை நம்புவது, ஒரு பருவத்தின் சொந்த மைதானப் போட்டிகளையெல்லாம் பார்க்கும் பருவச் சீட்டை இப்போதே வாங்கலாமா என்பவை உங்கள் கேள்விகள். இந்த நகரத்தில் நெடுங்காலம் வாழ்ந்து, இளஞ்சிவப்பும் கறுப்பும் அணியும் இந்தக் கழகம் ஏறியதையும் விழுந்ததையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வருகிற வீரரின் பெயரைவிட, அவர் எந்த வகை ஒப்பந்தத்தில் வருகிறார் என்பதைக் கவனியுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

உங்கள் தோழர்கள் ஏன் இப்படிப் பதறுகிறார்கள் என்பதற்குக் காரணம் உண்டு. குருநகரிலோ மன்னாரிலோ ஒரு கழகத்துக்கு விளையாடுபவர் பெரும்பாலும் அந்த ஊர்ப் பிள்ளைதான்; கோடை கழிந்ததும் அவர் வேறு கழகத்தின் சட்டையோடு நிற்கமாட்டார். இங்கே நடப்பது வேறு. 2002 இல் சம்பரீனி என்ற தொழிலதிபர் வாங்கிய பிறகு பலேர்மோ இத்தாலியின் முதற்பிரிவான சீரியே ஆவுக்கு ஏறியது. 2006 இல் இத்தாலி உலகக் கிண்ணம் வென்றபோது அந்த அணியில் பலேர்மோ வீரர்கள் நால்வர் இருந்தார்கள்; இறுதிப் போட்டியில் கடைசி பெனால்டியை அடித்த குரோசோவும் அவர்களில் ஒருவர். ஆனால் நன்றாக விளையாடியவர்கள் ஒவ்வொருவராகக் கைவிட்டுப் போனார்கள். கவானி 2010 இல் நாபோலிக்கும், பஸ்தோரே 2011 இல் பாரிசுக்கும், டிபாலா 2015 இல் யுவெந்துசுக்கும் போனார்கள். 2017 இல் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 2019 இல் பணப் பிணை காட்ட இயலாமல் அந்தப் பிரிவிலிருந்தும் விலக்கப்பட்டு, புதிய நிறுவனமாக நான்காம் பிரிவிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. 2022 ஜூனில் பாதோவா கழகத்தை வென்று இரண்டாம் பிரிவான சீரியே பிக்குத் திரும்பியதும், அடுத்த மாதமே மான்செஸ்டர் சிற்றியின் உரிமையாளர்களான சிற்றி ஃபுட்போல் குழுமம் கழகத்தை வாங்கியது. ஆகவே ஐம்பது வயதுச் சமையற்காரர் ஒருவர் கைப்பேசியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால், யார் வருகிறார் என்று மட்டும் அவர் பார்ப்பதாக எண்ண வேண்டாம். யார் போகப்போகிறார் என்பதே அவருடைய பயம்.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். கழகம் வெளியிடும் அறிவிப்பு நாலைந்து வரிகளுக்கு மேல் இராது. அதில் வீரரின் பெயருக்கு அருகில் வரும் சொற்களைத் தேடிப் பாருங்கள். ‘தெஃபினிதீவோ’ என்றிருந்தால் வீரரை முழுமையாக வாங்கிவிட்டார்கள். ‘தெம்பொரானெயோ’ என்றிருந்தால் இரவல். பருவம் முடிகிற ஜூன் 30 அன்று அவர் தம் சொந்தக் கழகத்துக்குத் திரும்ப வேண்டும். இரவலோடு ‘திரித்தோ தி ரிஸ்காத்தோ’ சேர்ந்திருந்தால், முன்கூட்டியே பேசிய விலையைக் கொடுத்து அவரை வாங்கும் உரிமை நமக்கு உண்டு, கட்டாயம் இல்லை. ‘ஒப்ளிகோ’ என்றிருந்தால் வாங்கியே தீர வேண்டும்; அது பணம் கொடுப்பதை ஓராண்டு தள்ளிப்போட்ட கொள்வனவு, அவ்வளவுதான். சீரியே பியில் பல வேளைகளில் இந்தக் கட்டாயத்துக்கு ஒரு நிபந்தனை வைப்பார்கள்: கழகம் மேற்பிரிவுக்கு ஏறினால்தான் வாங்க வேண்டும் என்பார்கள். ‘ஸ்வின்கொலாத்தோ’ என்பவர் ஒப்பந்தம் முடிந்து எந்தக் கழகத்துக்கும் கட்டுப்படாமல் நிற்பவர். அவருக்காக வேறு கழகத்துக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை, சம்பளமும் முகவர் கூலியும் மட்டுமே. இந்த ஐந்தும் தெரிந்தால், இரவல் வீரர்களால் நிரம்பிய அணி அடுத்த ஜூலையில் மறுபடியும் பாதியாகக் கரையும் என்று நீங்களே சொல்லிவிடலாம். என் கணிப்பில், இரவலைக் கொண்டாடுவதும் இரவலைப் பழிப்பதும் ஒரே அளவு அறியாமை. நிபந்தனையைப் படிக்காமல் இரண்டையும் செய்யக் கூடாது.

தொகைகளிலும் எச்சரிக்கை வேண்டும். டிபாலா யுவெந்துசுக்குப் போனபோது விலை 32 மில்லியன் யூரோ. குறித்த இலக்குகளை எட்டினால் மேலும் 8 மில்லியன் என்பது உடன்பாடு. சிலர் 32 என்றார்கள், சிலர் 40 என்றார்கள்; இருவர் சொன்னதும் பொய்யில்லை. பத்திரிகையில் பெரிய எழுத்தில் காணும் எண் பெரும்பாலும் எல்லா நிபந்தனைகளும் நிறைவேறினால் வரக்கூடிய உச்சத் தொகையாகத்தான் இருக்கும்.

யாரை நம்புவது என்று கேட்டீர்கள். காலையில் கோப்பிக் கடை மேசையில் மடித்துக் கிடக்கும் இளஞ்சிவப்புத் தாள் ‘கசெத்தா தெல்லோ ஸ்போர்ட்’. அது மிலானிலிருந்து வருவது, அதன் முதற்பக்கங்கள் இன்டர், மிலான், யுவெந்துஸ் என்ற பெரிய கழகங்களுக்குப் போய்விடும். பலேர்மோவைப் பற்றி ஒவ்வொரு நாளும் எழுதுபவர்கள் ‘ஜோர்னாலே தி சிசிலியா’ போன்ற உள்ளூர்ப் பத்திரிகைக்காரர்கள். தேசிய அளவில் ஜன்லூக்கா தி மார்சியோ, ஃபப்ரீசியோ ரொமானோ போன்ற வீரர் சந்தைச் செய்தியாளர்கள் சொல்வதற்கு மதிப்பு உண்டு, ஆனால் இரண்டாம் பிரிவுக் கழகத்தின் சிறிய பேரங்களை அவர்களிடம் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு செய்தி எந்தப் படியில் நிற்கிறது என்று பழகிக்கொள்ளுங்கள்: ஆர்வம் காட்டுகிறது என்பது வெறும் பேச்சு, தொடர்பு உண்டு என்றால் முகவரோடு தொலைபேசியில் பேசியிருக்கிறார்கள், மருத்துவப் பரிசோதனைக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்றால் அனேகமாக முடிந்துவிட்டது. விமான நிலையத்தில் கழகத்தின் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீரர் நிற்கும் படம் வந்த பிறகும், கைச்சாத்திட்ட ஒப்பந்தம் லீக்கில் பதிவாகும்வரை சட்டப்படி எதுவும் முடிந்ததாகாது. இடையில் முழங்கால் பரிசோதனையில் கெட்டுப்போன பேரங்கள் உண்டு.

ஜூலை நடுப்பகுதியில் அணி பயிற்சி முகாமுக்காக வடக்கே ஆல்ப்ஸ் மலைப்பக்கம் போகும். அங்கே மலைக்கிராமத்து அணிகளுக்கு எதிராகப் பத்துக்கு மேல் கோல் அடிப்பார்கள். அந்தக் கணக்கைக் குறித்து வைத்துப் பயனில்லை. யார் எந்த இடத்தில் நிறுத்தப்படுகிறார், முகாமுக்கே அழைத்துச் செல்லப்படாதவர் யார் என்பவைதான் தகவல்; அழைக்கப்படாதவருக்கு வெளியே கழகம் தேடுகிறார்கள் என்று பொருள். 2025 ஓகஸ்ட் 9 இல் மான்செஸ்டர் சிற்றி இங்கே வந்து 3–0 என்று வென்றபோதும் ஊரார் தோல்வியைப் பொருட்படுத்தவில்லை. அந்தக் கோடையில் பொறுப்பேற்ற பயிற்றுநர் பிலிப்போ இன்சாகி தற்காப்பை எப்படி அமைக்கிறார் என்பதையே பேசினார்கள்.

அணியின் எண்ணிக்கைக்கும் விதிகள் உண்டு. சீரியே ஆவில் பெயர்ப்பட்டியல் 25 பேர். 22 வயதுக்குட்பட்டவர்கள் அதில் சேரமாட்டார்கள், எட்டு இடங்கள் இத்தாலியில் பயிற்சி பெற்று வளர்ந்தவர்களுக்கு உரியவை. சீரியே பியிலும் வயதில் மூத்தவர்களுக்கு வரம்பு உண்டு. ஆகையால் முப்பது வயதுக்காரர் ஒருவர் வந்தால் இன்னொருவர் போக வேண்டியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து அழைப்பவர்களுக்குத் தனிக் கட்டுப்பாடு உள்ளதால், தென்னமெரிக்க வீரர்களுக்கு இத்தாலியப் பாட்டனையோ பாட்டியையோ தேடுவார்கள். டிபாலாவுக்கும் 2012 இல் இத்தாலிய வம்சாவழியால்தான் குடியுரிமை கிடைத்தது. வதிவிட அனுமதியான சொஜோர்ணோவைப் புதுப்பிக்க வரிசையில் நிற்கும் நமக்கு அப்படி ஒரு பாட்டி வாய்க்கவில்லை.

சந்தை ஓகஸ்ட் கடைசியிலோ செப்டெம்பர் தொடக்கத்திலோதான் மூடும். 2025 இல் செப்டெம்பர் முதலாம் திகதி மாலை 8 மணியோடு முடிந்தது. அதற்குள் லீக் தொடங்கிவிடுவதால், முதல் போட்டியில் விளையாடியவரே மூன்றாம் போட்டியில் எதிரணியில் நிற்கலாம். பெரிய பேரங்கள் கடைசி மூன்று நாட்களுக்குத் தள்ளிப்போகும், ஏனென்றால் வாங்குபவர்கள் விலை இறங்குவதற்குக் காத்திருக்கிறார்கள். அதே கிழமையில், செப்டெம்பர் 4 ஐ ஒட்டி, நம்மவர்களும் பலேர்மோக்காரர்களும் நகரின் காவற்புனிதையான சாந்தா ரொசாலியாவைத் தரிசிக்கப் பெல்லெகிரீனோ மலை ஏறுவார்கள். வராமற்போன முன்கள வீரரைப் பற்றி வழியெல்லாம் முணுமுணுப்பது கேட்கும்.

சமையலறையில் பேச்சில் கலந்துகொள்ளத் தயங்க வேண்டாம். இவர் இரவலா, வாங்கியதா என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும், அரை மணி நேரம் உங்களுக்கு இத்தாலிய மொழிப் பாடம் நடக்கும். சிசிலியின் மற்றப் பெருநகரான கதானியாவின் கழகத்தை மட்டும் புகழ்ந்துவிடாதீர்கள்; அந்தப் பகையில் விளையாட்டுப் பேச்சு இல்லை. பந்தயக் கடைகளுக்கு யாராவது அழைத்தால், வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

பருவச் சீட்டை இந்த ஆண்டு வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. சீரியே பி போட்டிகள் பெரும்பாலும் வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு வரை வரும். உணவகத்தில் உங்களை விடமாட்டாத நாட்களும் அவைதான். ரென்சோ பார்பெரா மைதானத்தில் 36,000 பேருக்கு மேல் இடம் உண்டு. பெரும் போட்டிகள் அல்லாதவற்றுக்குத் தனிச் சீட்டு எளிதாகக் கிடைக்கும். முதன்முறை போகும்போது, தீவிர ரசிகர்கள் நின்றுகொண்டே பாடும் வடக்கு வளைவைத் தவிர்த்துப் பக்கவாட்டு இருக்கையை எடுங்கள். சீட்டில் உங்கள் பெயர் அச்சிடப்பட்டிருக்கும்; அதே பெயர் எழுத்துக்கு எழுத்து உள்ள அடையாள ஆவணத்தையும் கையில் கொண்டு செல்லுங்கள். நம் நீண்ட பெயர்களைக் கணினியில் பதியும்போது ஓர் எழுத்து விடுபடுவது வழக்கம், ஆகவே வாங்கும் இடத்திலேயே சரிபார்த்துவிடுங்கள்.