முதல் ரோடு பைக்: புதியதா, பழையதா?

முதல் ரோடு பைக்கை, அதாவது சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான சைக்கிளை, புதிதாக வாங்கலாமா, பழையதே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சைக்கிளைப் பற்றித் தெரிந்த ஒருவர் கூட வருவார் என்றால் பழையதுதான் என் தேர்வு. அதே பணத்துக்கு ஒரு படி மேலான கியரும் சக்கரமும் கிடைக்கும்.

முதலில் ஃபிரேம் அளவு. அது உங்களுக்குப் பொருந்தாவிட்டால், எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள். சீட்டை ஏற்றி இறக்கி அதைச் சரிக்கட்ட முடியாது. அப்புறம் செயின். புதிய செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். நீங்கள் பார்க்கும் பழைய வண்டியில் அதே 24 கண்ணிகள் 1/16 அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்ற வேண்டும். 1/8 அங்குலம் என்றால் பின் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

கார்பன் இழையால் செய்த ஃபிரேம் என்றால் எனக்குத் தயக்கம் உண்டு. ஒருமுறை விழுந்த வண்டியில் விரிசல் பெயின்ட்டுக்கு அடியில் மறைந்திருக்கலாம். வாரன்டியும் பெரும்பாலும் முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். இதையெல்லாம் பார்த்துச் சொல்ல ஆள் இல்லையென்றால், சரி, புதியதையே வாங்குங்கள்.