புட்டியை அப்டேட் செய்தாயிற்று, பழைய கீயை வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: சிறு நிறுவனம் ஒன்றின் சர்வர்களை விண்டோஸ் கணினியிலிருந்து புட்டி (தொலைவிலுள்ள சர்வரில் நுழைய உதவும் மென்பொருள்) மூலம் கவனிக்கிறேன். புட்டியில் உள்ள ஒரு குறையால் கீ திருடுபோகலாம் என்று 2024 ஏப்ரலில் வந்த எச்சரிக்கையை இப்போதுதான் பார்த்தேன். புதிய பதிப்பைப் போட்டுவிட்டேன். அது போதுமா?

பதில்: பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சர்வரில் நுழைய நீங்கள் வைத்திருக்கும் கீ, ஈசிடிஎஸ்ஏ பி-521 (ECDSA P-521) வகை என்றால் போதாது, அந்தக் கீயையே தூக்கிப் போட வேண்டும். புட்டியோடு வரும் கீ உருவாக்கும் கருவியான புட்டிஜென்னில் திறந்தால் வகை தெரியும். மற்ற வகைகளுக்குப் பயமில்லை.

கீ உங்களுடையதுதான் என்று நிரூபிக்கப் புட்டி அதைக்கொண்டு டிஜிட்டல் கையொப்பம் போடுகிறது. இந்த வகையில் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் யாராலும் ஊகிக்க முடியாத 521 பிட் ரகசிய எண் ஒன்று வேண்டும். 0.68 முதல் 0.80 வரையிலான புட்டி, 512 பிட் ஹாஷிலிருந்து (தகவலைக் கலக்கிக் கிடைக்கும், நீளம் மாறாத எண்) அதை எடுத்தது. அதனால் முதல் 9 பிட்டும் எப்போதும் பூஜ்யம். சுமார் 60 கையொப்பங்கள் கிடைத்தால் ப்ரைவேட் கீயையே (உங்களிடம் மட்டும் இருக்க வேண்டிய ரகசியப் பகுதி) கணக்கிட்டு எடுத்துவிடலாம். குறையை நீக்கிய 0.81 பதிப்பு, இனிப் போடும் கையொப்பத்தைத்தான் சரிசெய்யும். ஏற்கெனவே போனவை போனவைதான்.

'நான் லாகின் மட்டும்தானே செய்கிறேன்' என்பீர்கள். லாகின் கையொப்பம் குறியாக்கத்துக்குள் போவதால் வழியில் ஒட்டுக்கேட்பவருக்குக் கிடைக்காது, சர்வருக்கு மட்டுமே தெரியும் என்பது உண்மைதான். ஆனால் எந்தச் சர்வர்? அதே கீயால் வாடகை ஹோஸ்டிங்கிலும் நுழைந்திருக்கிறீர்களா? ஏதாவது ஒரு சர்வர் எப்போதாவது ஹேக் ஆனதா? புட்டியோடு வரும், கீயை நினைவில் வைத்துக்கொள்ளும் பேஜன்ட் வழியாக அதே கீயால் கிட் கமிட்டுகளில் (நிரல் மாற்றப் பதிவுகளில்) கையொப்பமிட்டீர்களா? அவை பொது ரெப்போவில் (எல்லாரும் பார்க்கக்கூடிய நிரல் களஞ்சியத்தில்) இருந்தால் யாரும் அள்ளிக்கொள்ளலாம். இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் அந்தச் சமாதானம் செல்லாது.

ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்த ஆள் பத்து வாடிக்கையாளர்களுக்கும் ஒரே கீயைப் போட்டு வைத்திருப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஆடிட்டுக்கு வருபவர் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து டிக் அடிக்கிறார். 'எந்தக் கீ, யார் யாரிடம் இருக்கிறது?' என்ற கேள்வி அவர் படிவத்திலேயே இல்லை. இது எத்தனை வருடம் இப்படியே போகும்? உங்கள் பராமரிப்பு ஆளிடம் நீங்களே கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம், தேடலில் மேலே வரும் விளம்பரத்தைச் சொடுக்கிப் புட்டியை இறக்காதீர்கள். அந்த வழியில் வைரஸ் கலந்த போலிகள் வந்திருக்கின்றன. புட்டியை எழுதிய சைமன் டாத்தமின் அதிகாரபூர்வப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். புட்டியின் நிரலையே உள்ளே வைத்திருக்கும் வின்எஸ்சிபி, ஃபைல்ஸில்லா, டார்ட்டாய்ஸ்கிட் ஆகிய மென்பொருள்களிலும் இதே குறை இருந்தது. புட்டியை மாற்றினால் அவை மாறாது, தனித்தனியாக அப்டேட் செய்யுங்கள்.

சரி, இப்போது இந்தக் குறை இல்லாத எட்25519 (Ed25519) வகையில் புதிய கீ உருவாக்கி, அதனால் நுழைய முடிகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு எல்லாச் சர்வர்களின் அனுமதிக் கோப்பிலிருந்தும் (authorized_keys) கிட்ஹப் கணக்கிலிருந்தும் பழைய வரியை நீக்கிவிட்டு, பழைய கீயால் ஒருமுறை நுழைந்து பாருங்கள். எங்காவது உள்ளே விட்டால் அங்கே வேலை பாக்கி.