பழைய பேஸ்பால் கார்டு சேகரிப்பது நம் ஆட்களுக்கு எதற்கு? பணவிரயம்தானே?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், வீட்டில் யாரோ பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்ட இந்தக் கார்டுகளில் பணம் போட ஆரம்பித்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. கணவரோ, இங்கே அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பிள்ளையோ. பணம் வீணாகுமா என்பது நியாயமான கேள்வி. "நம் ஆட்களுக்கு எதற்கு" என்பதுதான் என்னை இந்த ராத்திரியில் உட்கார்ந்து எழுத வைத்தது. பத்து வருடத்துக்கு மேலாக இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். "அந்தக் காசுக்குக் கோவில்பட்டியில ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கலாமே மாப்ள" என்று மாமா ஒவ்வொரு தீபாவளிக்கும் போனில் சொல்வார்.

முதலில் பணம். 2022 ஆகஸ்டில் மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் வீரரின் கார்டு ஒன்று, டாப்ஸ் கம்பெனி 1952இல் போட்டது, 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பலர் உள்ளே வருகிறார்கள். அதே 1952 வரிசையில் விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960இல் படகில் ஏற்றிப்போய் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அந்த கார்டை வடிவமைத்தவரான சை பெர்கரே சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அது கிடங்கை அடைத்துக்கொண்டிருந்த குப்பை. வீடுகளில் இருந்ததையும் பிள்ளைகள் விளையாடித் தீர்த்தார்கள், அம்மாக்கள் தூக்கிப் போட்டார்கள். மிச்சம் குறைவு, அதனால் விலை. 1980களின் கடைசியில் எல்லோரும் இதைப் புரிந்துகொண்டு வாங்கி வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள். கம்பெனிகளும் கணக்கில்லாமல் அச்சடித்தன. அந்தக் காலத்துக் கார்டுகள் இன்றும் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன, பெரும்பாலானவற்றை யாரும் சீண்டுவதில்லை. முதலீடு என்று சொல்லிக்கொண்டு உங்கள் வீட்டில் வாங்கினால் தாராளமாகத் தடுத்து நிறுத்துங்கள், நான் உங்கள் பக்கம்.

இனி என் கதை. நான் கோவில்பட்டிக்காரன். தீப்பெட்டிப் படம் சேர்க்காத பையன் எங்கள் தெருவில் கிடையாது. அப்புறம் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் வீரர் படங்கள். மெல்லுவதற்காக நாங்கள் அதை வாங்கவில்லை. 2004இல் வேலைக்காகப் பிட்ஸ்பர்க் வந்தேன். ஐந்தாறு வருடம் கழித்து, பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் கராஜை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஷூ பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ரப்பர் பேண்டு போட்ட கட்டுகளாக 1960களின் டாப்ஸ் கார்டுகள். ஒரு பாக்கெட் ஐந்து சென்டுக்கு வாங்கினாராம், உள்ளே பபிள்கம் இருக்குமாம். அந்தப் பெட்டியின் வாசனை எங்கள் வீட்டுப் பரணில் இருந்த படப் பெட்டியின் வாசனை. பழைய அட்டைக்கு எந்த ஊரிலும் ஒரே வாசனைதான் போலிருக்கிறது. அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நடுவில் மடிப்பு, மூலைகள் மழுங்கிப் போயிருந்தன. பெயர் 'பாப் கிளெமெண்டே' என்று இருந்தது.

பிட்ஸ்பர்கில் ராபர்ட்டோ கிளெமெண்டேயைத் தெரியாமல் இருக்க முடியாது. அவர் பெயரில் பாலம், மைதானத்துக்கு வெளியே சிலை. சட்டை எண் 21 என்பதால் மைதானத்தின் வலப்பக்கச் சுவரையே 21 அடிக்குக் கட்டியிருக்கிறார்கள். போர்ட்டோ ரிக்கோவின் கரோலினா ஊர்க்காரர். 1955 முதல் 1972 வரை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணிக்கு மட்டுமே ஆடினார். சரியாக 3000 ஹிட், அதாவது பந்தை அடித்துவிட்டு ஓடி இடம் சேர்ந்த அடிகள். 1972 டிசம்பர் 31 அன்று நிகராகுவா பூகம்பத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் கடலில் விழுந்து இறந்துபோனார். வயது 38.

அப்படியானால் இந்த 'பாப்' யார்? பெரியவரிடம் கேட்டேன். "அப்போதெல்லாம் அப்படித்தான் போட்டார்கள்" என்றார். தேடிப் பார்த்தேன். 1955, 1956 கார்டுகளில் ராபர்ட்டோ. 1957 முதல் 1969 வரை பதின்மூன்று வருடம் டாப்ஸ் கார்டுகளில் அவர் பாப். 1970இல்தான் மறுபடி ராபர்ட்டோ. தன் பெயர் ராபர்ட்டோ என்று அந்த மனிதர் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். வானொலியிலும் பத்திரிகையிலும் பாப், பாபி என்றே கூப்பிட்டார்கள், அவர் பேசிய ஆங்கிலத்தை உச்சரிப்போடு அப்படியே அச்சிட்டுக் கேலி செய்தார்கள்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் என் தாத்தாவின் பெயர், ஆங்கிலத்தில் பதினைந்து எழுத்து. சேர்ந்த முதல் வாரத்திலேயே மேலாளர் "இனி நீ டிம்" என்று சொல்லிவிட்டார். யாரும் என்னைக் கேட்கவில்லை. மின்னஞ்சலில் டிம், கதவுப் பலகையில் டிம், பாராட்டுக் கேடயத்தில் டிம். போலந்துப் பெயர்களையும் இத்தாலியப் பெயர்களையும் நாக்கு பிசகாமல் சொல்கிறவர்களுக்கு என் பெயர் மட்டும் ஏன் வராது? சின்ன விஷயம் என்பார்கள். எனக்குச் சின்னதாக இல்லை.

சரி, கார்டுக்கு வருகிறேன். கிளெமெண்டேயை மட்டும் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். 2013இல் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவருடைய முதல் கார்டு, 1955 டாப்ஸ், எண் 164, கண்ணில் பட்டது. குறுக்குவாக்கில் அச்சிட்டது, பெரிய முகமும் பக்கத்தில் ஆடுகிற உருவமும் இருக்கும். "தாத்தாவுடையது" என்றார் விற்றவர். 650 டாலர் கொடுத்தேன். அப்போது அப்பா எங்களோடு தங்க வந்திருந்தார். சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் 31 வருடம் வேலை பார்த்தவர். கண்ணாடிக் கூட்டில் அவர் லென்ஸ் எப்போதும் இருக்கும். ஜன்னல் ஓரம் வெளிச்சத்தில் கார்டை வைத்துக் குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை.

"ஏய்யா, எவ்வளவு குடுத்த?"

சொன்னேன்.

"இது அடிச்சதில்ல. அடிச்சதைப் பாத்து எடுத்தது. இந்தக் கையெழுத்தைப் பாரு."

பார்த்தேன். கார்டின் மேல் கறுப்பில் அச்சிட்டிருக்கும் கையெழுத்து, லென்ஸில் சிவப்பும் நீலமும் மஞ்சளும் கறுப்புமாகப் புள்ளி புள்ளியாக உடைந்து கிடந்தது. படத்தில் புள்ளி இருக்கும், அது சரி. ஆனால் எழுத்துக்கும் கோட்டுக்கும் கறுப்புப் பிளேட்டில் மை கட்டியாக விழும், ஓரம் கத்தி மாதிரி நிற்கும். அசலை ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்தால் எழுத்தும் படத்தோடு சேர்ந்து புள்ளியாகிவிடும். பெரியவர் கொடுத்த மடிப்பு விழுந்த கார்டை எடுத்து வந்து வைத்தார். அதில் பெயர் எழுத்து ஒரே கறுப்பு. இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினார். எனக்குக் காது சுட்டது.

அடுத்த ஞாயிறு திரும்பப் போனேன். விற்றவர் என்னைத் தெரியாது என்றார். பணம் போனது போனதுதான். அட்டையின் ஓரத்தை வெட்டிச் செதுக்கி விற்பதும் உண்டு. உலகத்திலேயே பேர்போன கார்டு, ஹானஸ் வாக்னரின் 1909 சிகரெட் பாக்கெட் கார்டு, அதிலேயே ஒன்றின் ஓரத்தை வெட்டியதாக அதை விற்ற ஏலக்காரரே 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஏமாந்தது நான் ஒருத்தன் மட்டுமில்லை. "கவனமில்லாமல் வாங்கிவிட்டுப் புலம்புகிறான்" என்று எழுத வருகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

அன்று சாயங்காலம் அப்பா மற்ற கார்டுகளையும் கேட்டார். சமையலறை மேசையில் வருடவாரியாகப் பரப்பி வைத்தேன். ஒவ்வொன்றையும் லென்ஸில் பார்த்து "இது சுத்தம்", "இது சுத்தம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். 1962 கார்டின் மரப்பலகை ஓரத்தை ரொம்ப நேரம் பார்த்து, நிறம் பொருந்தியிருக்கும் நேர்த்தியைப் பாராட்டினார். அப்புறம், "ஏன் எல்லாத்துலயும் பாப்னு போட்டிருக்கான்? கடைசியில மட்டும் வேற பேரா இருக்கு?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "உன்னைய ஆபீஸ்ல என்னமோ டிம்முங்கிறாங்களே. நீ சொல்லலையா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அந்த வாரம் பணியாளர் பிரிவுக்கு எழுதி மின்னஞ்சல் பெயரை மாற்ற வைத்தேன். மேலாளர் ஓய்வு பெறும்வரை டிம் என்றுதான் கூப்பிட்டார். மற்றவர்களில் பாதிப் பேர் கற்றுக்கொண்டார்கள்.

நம் ஆட்களுக்கு இது எதற்கு என்றால், மற்றவர்களுக்குத் தெரியாது, எனக்கு இதற்குத்தான். நான் பணக்காரன் இல்லை. மாதத்துக்கு 40 டாலர் என்று வரம்பு வைத்திருக்கிறேன், பிள்ளைகளின் படிப்புக்காசில் கை வைத்ததில்லை. மடிப்பு விழுந்தது, மூலை போனது என்று கீழ்த்தரத்தில் வாங்கினால் 1960களின் கார்டுகள் பல என் வரம்புக்குள்ளேயே கிடைக்கின்றன. மேன்டில் வேண்டும், வாக்னர் வேண்டும் என்று கிளம்பினால்தான் வீட்டை விற்க வேண்டி வரும்.

உங்கள் வீட்டில் வாங்குகிறவருக்குத் திட்டுவதற்கு முன்னால் ஒரு பத்து மடங்கு லென்ஸ் வாங்கிக் கொடுங்கள், பெரிய விலை இல்லை. சந்தேகமில்லாத ஒரு பழைய கார்டை எப்போதும் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். மலிவான பிவிசி உறையில் போட்டு வைக்க வேண்டாம், நாளாவட்டத்தில் கார்டோடு ஒட்டிக்கொள்ளும். பாப் கார்டுகள் பதின்மூன்றும் இப்போது என்னிடம் இருக்கின்றன, 1970உம் இருக்கிறது. 1955 இன்னும் இல்லை.