மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காதீங்க

தம்பி, பைலட் வேலைக்காகக் குடியாத்தம் நிலத்தை அடமானம் வெச்சு டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுறதுக்கான தகுதிப் பயிற்சி) ஃபீஸ் கட்டலாமா, சேர்ந்ததுமே லட்சக்கணக்குல சம்பளம் வருமான்னு கேட்டிருக்கீங்க. பொறுங்க. 200 மணி நேரம் பறந்து சிபிஎல், அதாவது கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், கையில இருந்தாலும் முதல் மாசமே முழுச் சம்பளம் கிடைச்சிடாது. சிமுலேட்டர், அப்புறம் பயிற்சி கேப்டனோட நிஜ விமானத்துல பறந்து பழகுற லைன் டிரெயினிங். அதுவரைக்கும் பல கம்பெனிகள்ல உதவித்தொகைதான்.

எங்க அக்கா பையனோட ஆஃபர் லெட்டரைக் காட்பாடி வீட்டுத் திண்ணையில உக்காந்து படிச்சோம். முதல் பக்கத்துல கொட்டை எழுத்துல மொத்தத் தொகை, பாண்டு (பாதியில வேலையை விட்டா பணம் கட்டணும்ங்கிற ஒப்பந்தம்) மட்டும் கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல! அந்தத் தொகையில பாதி, பறந்தாதான் வரும். மாசம் எத்தனை மணி நேரப் பறப்புக்குச் சம்பளம் உத்தரவாதம்னு எழுத்துல வாங்குங்க. ஏஜென்ட் மாசம் 100 மணின்னு பெருக்கிக் காட்டினா நம்பாதீங்க. விமானத் துறையைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான டிஜிசிஏவோட விதிப்படி, ஒரு பைலட் பறக்க வருஷத்துக்கே 1000 மணி நேரம்தான் உச்சம்.

பத்திரத்தை இப்போதைக்குப் பீரோவுலயே வையுங்க. லெட்டர் வரட்டும்.