சித்திரைக்கு நேர் கீழே ஒரு கோடி விண்மீன்கள்: ஒமேகா சென்டாரி கேள்வி பதில்

விண்மீன்கள் உருண்டையாகச் செறிந்து நிற்கும் கூட்டத்தைக் கோளக் கொத்து என்பார்கள். ஒமேகா சென்டாரி என்ற கோளக் கொத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கோடை வந்தால் நான் தவறாமல் தேடிப்போய்ப் பார்ப்பது இதைத்தான்.

அக்கா, ஆப் எதுவும் இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க முடியுமா? (திருநெல்வேலி, கல்லூரி மாணவர்)

முடியும் தம்பி. சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைந்து போகும் போக்கிலேயே கண்ணை ஓட்டினால் ஆரஞ்சு நிறத்தில் சுவாதி வரும். அதே வளைவில் இன்னும் போனால் நீலவெள்ளையாகச் சித்திரை. அந்தச் சித்திரை தெற்கு வானில் உச்சிக்கு ஏறி நிற்கும் நேரத்துக்குக் காத்திருங்கள். அப்போது அதற்கு நேர் கீழே 36 பாகை தள்ளி ஒமேகா சென்டாரி இருக்கும். கையை நீட்டிப் பிடித்த முஷ்டியின் அகலம் சுமார் 10 பாகை. மூன்றரை முஷ்டி இறங்கினால் போதும்.

அங்கே மங்கலாக, கொஞ்சம் கலங்கிய ஒரு நட்சத்திரம் போலத் தெரியும். அதுதானா என்று சந்தேகம் வந்தால், அதே உயரத்தில் இடப்பக்கம் 5 பாகை தள்ளிப் பளிச்சென்று ஜீட்டா சென்டாரி என்ற நட்சத்திரம் இருக்கிறதா பாருங்கள். பைனாகுலரின் ஒரே வட்டத்துக்குள் இரண்டையும் கொண்டுவந்துவிடலாம்.

எந்த மாதம், எத்தனை மணிக்குப் பார்க்க வேண்டும்? (தஞ்சாவூர்)

சித்திரை முதல் தேதி நள்ளிரவு 12.15 வாக்கில் அது உச்சத்தில் இருக்கும். ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் முந்தும். அதனால் மே நடுவில் இரவு 10.15, ஜூன் நடுவில் 8.15. வேலைக்குப் போகிறவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் மே மாதம்தான் வசதி. சித்ரா பௌர்ணமியன்று போகாதீர்கள். அன்று முழுநிலா சித்திரைக்குப் பக்கத்திலேயே இருக்கும் என்பதால்தான் அந்த மாதத்துக்கே அந்தப் பெயர். அந்த வெளிச்சத்தில் கொத்து கரைந்துபோகும். அமாவாசையை ஒட்டிய நாட்களாகப் பாருங்கள்.

மேடம், சென்னையில் மொட்டைமாடியிலிருந்து மூன்று நாள் முயன்றும் தெரியவில்லை. (வேளச்சேரி)

உங்கள் முயற்சியில் குறையில்லை. சென்னையில் அது உச்சத்தில் இருக்கும்போதே 30 பாகை உயரம்தான். அந்த உயரத்தில் காற்றும் ஈரமும் தூசியும் தலைக்கு மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு தடிமன். தெருவிளக்கு வெளிச்சம் வேறு அதில் பட்டுச் சிதறும். ஊருக்குத் தெற்கே போங்கள். நகரத்தின் வெளிச்சம் முதுகுப்பக்கம் விழுந்துவிடும், பார்க்க வேண்டிய தெற்கு இருட்டாக இருக்கும். வடக்கே அதே தூரம் போய்ப் பயனில்லை. கன்னியாகுமரி, தனுஷ்கோடி மாதிரி தெற்கே கடல் விரிந்த இடம் கிடைத்தால் அதைவிட வேறென்ன வேண்டும்! போன பிறகு 20, 30 நிமிடம் கைப்பேசியைத் தொடாமல் கண்ணை இருட்டுக்குப் பழக விடுங்கள்.

அக்கா, நான் யாழ்ப்பாணம். 10×50 பைனாகுலரால பார்த்தன். வெள்ளைப் புகை மாதிரித்தான் தெரிஞ்சது. நான் பார்த்தது சரிதானோ?

சரியேதான். பைனாகுலரில் அது உருண்டையான ஒரு பஞ்சுத்துணுக்கு. நட்சத்திரமென்றால் புள்ளியாக நிற்கும், இது நிற்காது. நேராக உற்றுப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்வையை வையுங்கள், புகை அகலமாக விரியும். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றியே இருக்கின்றன.

டெலஸ்கோப் வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் விடாதீர்கள். 4 அங்குலக் கருவியில் (லென்ஸ் அல்லது கண்ணாடியின் விட்டம்) ஓரங்கள் பிரியத் தொடங்கும். 8 அங்குல டாப்சோனியன் என்ற எளிய வகை டெலஸ்கோப்பில் 100 மடங்கு உருப்பெருக்கத்தில் நான் முதலில் பார்த்த இரவு, கருப்புத் துணியில் ரவையைக் கொட்டிப் பரப்பினாற்போல் இருந்தது. நடுவில் குவியல், ஓரம் போகப்போக ஒவ்வொன்றாகத் தனித்தனி. காற்று அமைதியான சில நொடிகளில் நடுப்பகுதியும் பொடிப்பொடியாக உடைந்தது. ஐபீஸிலிருந்து கண்ணை எடுக்க மனமே வரவில்லை. அந்த ஒவ்வொரு பொடியும் ஒரு சூரியன். மொத்தம் சுமார் ஒரு கோடி, தூரம் ஏறக்குறைய 17,000 ஒளியாண்டு.

டொராண்டோவில் என் மகளுக்குக் காட்ட முடியுமா? (மதுரை)

முடியாதம்மா. அங்கே அது தொடுவானத்துக்கு மேலே வருவதேயில்லை. லண்டனிலும் பாரிஸிலும் அப்படித்தான். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது காட்டுங்கள். வானியலாளர் வைணு பாப்பு வான் ஆய்வகம் அமைக்க ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்ததற்கும் இந்த அனுகூலம் ஒரு காரணம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் தென்வானமும் கைக்கு எட்டும்.

கொத்து என்கிறீர்கள், ஆனால் பெயர் நட்சத்திரத்துக்கு வைப்பது போல இருக்கிறதே? (கோவை, ஆசிரியர்)

நல்ல கேள்வி ஐயா. பண்டைக் கால வானியலாளர் தாலமி இதை நட்சத்திரம் என்றே பட்டியலிட்டார். நட்சத்திரங்களுக்குக் கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்த பேயர், 1603இல் தம் வான்படத்தில் இதற்கும் ஒமேகா என்ற எழுத்தைக் கொடுத்தார். 1677இல் தென் அட்லாண்டிக்கில் உள்ள செயின்ட் ஹெலினா தீவுக்குப் போயிருந்த ஆங்கில வானியலாளர் ஹாலி, வயது இருபதைத் தாண்டியிருக்கும், இது நட்சத்திரமில்லை என்று கண்டார். பாரிஸிலிருந்து வானைப் பார்த்த மெசியே தொகுத்த, கொத்துகளும் புகைபோன்ற பொருள்களும் அடங்கிய புகழ்பெற்ற பட்டியலில் இது இடம்பெறாததற்குக் காரணம் மேலே சொன்னதுதான், பாரிஸில் உதிக்காது.

நடுவில் கருந்துளை இருக்கிறதாமே?

ஹபிள் படங்களில் மையத்துக்கு அருகே மிக வேகமாக நகரும் ஏழு விண்மீன்களைக் கண்டதாக 2024இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவை தப்பித்து ஓடாமல் இருக்க, குறைந்தது 8,200 சூரியன்களின் நிறை நடுவில் இருக்க வேண்டும்; அது கருந்துளையாக இருக்கலாம் என்கிறார்கள். நம் பால்வெளி விழுங்கிய ஒரு குட்டி விண்மீன் மண்டலத்தின் மிச்சம்தான் இந்தக் கொத்து என்ற எண்ணத்துக்கு அது வலுச்சேர்க்கிறது. நம் கருவிகளில் அதைப் பார்க்க வழியில்லை.

படங்களில் உள்ள நிறம் கண்ணுக்குத் தெரியுமா?

தெரியாது. சாம்பல் வெள்ளைதான்.

இதைப் பார்த்தாயிற்று. பக்கத்தில் வேறு என்ன? (ஈரோடு)

அங்கிருந்து நேர் மேலே நாலரை பாகை நகருங்கள். அங்கே சென்டாரஸ் ஏ இருக்கும் (வான்பொருள் பட்டியலில் அதன் எண் என்ஜிசி 5128). இது நம் பால்வெளிக்கு வெளியே, ஒரு கோடியே இருபது லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கும் விண்மீன் மண்டலம். இருட்டான இடமும் 8 அங்குலக் கருவியும் இருந்தால், மங்கலான உருண்டையைக் குறுக்கே வெட்டும் கரும்பட்டையைத் தேடுங்கள்.